பாண், போறணை, தவறணை

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், கனடாவில் ஸ்காபரோவில் வாழும் என் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். கொரோனா நோயினால் உலகம் கதவடைத்துக் கிடந்த நாட்கள் அவை. வீட்டில் அடைபட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பாண் சுடத் தொடங்கிவிட்டதால் கடைகளில் ஈஸ்ட் கிடைக்கவில்லையாம்.

"அம்மப்பா, ஈஸ்ட் இல்லாமலும் பாண் சுடலாமாம். மாவையும் தண்ணியையும் கலந்து ஒரு போத்தலில விட்டு ஒரு கிழமை வைச்சால் தானாப் புளிக்குமாம். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் பிள்ளை. ஆனால் நாங்கள் ஒரு கிழமை பாத்துக்கொண்டு இருக்கேல்லை. அஞ்சு மணித்தியாலத்தில மா எழும்பிவிடும்."

எப்படி என்று கேட்டாள். கள்ளு என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள். அவளுக்கு அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாண் என்பது போர்த்துக்கேயச் சொல் என்பதை வாசகர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். யாழ்ப்பாணம் என்ற பெயருக்குள்ளேயே பாண் இருக்கிறதே என்று பள்ளிக்கூட நாட்களில் நாங்கள் வேடிக்கை பேசியதுண்டு. அந்தப் பாணன் வேறு, இந்தப் பாண் வேறு. போர்த்துக்கேயர் கப்பலேறிச் சென்ற இடமெல்லாம் இச்சொல்லை இறக்கிவிட்டுப் போனார்கள். ஜப்பானியர் இன்றும் 'பன்' என்கிறார்கள். கோவாவிலும் மும்பையிலும் அது 'பாவ்'. சிங்களத்திலும் பாண்தான். தமிழகத்துத் தமிழருக்கு இச்சொல் வழக்கில் இல்லை. அவர்களுக்கு அது ரொட்டி. ஈழத்தவருக்கு ரொட்டி என்றால் தட்டிச் சுடுவது. இந்த ஒரு சொல்லைக் கொண்டே, எதிரில் நிற்பவர் கடலுக்கு எந்தப் பக்கத்தவர் என்று வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளில் கண்டுகொள்ளலாம்.

1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சாவின் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. 1619இல் பிலிப்பு த ஒலிவேரா அரசை முழுதாகக் கைப்பற்றினான். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் வரலாற்றில் பெரிய காலமன்று. ஆயினும் நம் வீட்டுக்குள் அவர்கள் விட்டுச் சென்ற சொற்களை எண்ணிப் பாருங்கள்: குசினி, மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, சாவி, விசுக்கோத்து. பாணை மட்டும் தந்துவிட்டுப் போகவில்லை. அதைச் சுடும் அடுப்புக்கும் பெயர் தந்தார்கள். 'போர்னு' என்ற அவர்களுடைய சொல்லே நம்முடைய போறணை. அதை நிறுக்கும் அளவுக்கும் அவர்கள் பெயரே. அரபியிலிருந்து அவர்கள் எடுத்த 'அறாத்தெல்' நம்மிடம் றாத்தல் ஆயிற்று. எடைகள் எல்லாம் கிராமுக்கு மாறிப் பல ஆண்டுகளாகியும், இன்னமும் யாழ்ப்பாணத்துக் கடையில் 'ஒரு றாத்தல் பாண்' என்றுதான் கேட்கிறோம்.

இந்த வரிசையில் இன்னொரு சொல் உண்டு. பாணைப் பற்றி எழுதுபவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. அது தவறணை. கள்ளு விற்கும் இடம். 'தவெர்னா' என்பதன் தமிழ் வடிவம். போறணையும் தவறணையும் இயைபாக அமைந்தது தற்செயல். ஆனால் அவற்றுக்கிடையிலான உறவு தற்செயலன்று. போறணைக்குள் போகும் மாவை எழுப்பியது தவறணைக்குப் போகும் கள்ளு.

ஐரோப்பாவில் பாணைப் புளிக்க வைத்தது மதுவடிப்போரிடமிருந்து பெற்ற நுரை, அல்லது முதல்நாள் எடுத்துவைத்த பழைய மா. அழுத்திக் கட்டியாக்கப்பட்ட ஈஸ்ட் 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே வணிகப் பொருளாயிற்று. கெடாத உலர்ந்த மணிகளாக அது வந்தது இரண்டாம் உலகப் போரின் காலத்தில். அதற்கு முன், மாதக்கணக்கில் கப்பலில் வந்து இந்த வெப்பத்தில் இறங்கிய ஐரோப்பியன் பாண் சுடுவதற்கு எதைக் கொண்டு மாவை எழுப்புவான்? கண்ணெதிரே பனையும் தென்னையும் நின்றன. பாளையிலிருந்து சொட்டும் நீர் முட்டியில் விழுந்த கணத்திலிருந்தே நுரைக்கத் தொடங்கிவிடுகிறது. அதில் நொதி தானாகவே வந்து குடியேறுகிறது, யாரும் சேர்ப்பதில்லை. கோவாவின் பாண் சுடுவோர் பல தலைமுறைகளாகக் கள்ளைக் கொண்டே புளிக்க வைத்தனர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆங்கிலேயர் வீட்டுக் குசினிகளில் நடந்ததும் அதுவே.

நமக்கு இந்த நுட்பம் புதியதன்று. அப்பத்துக்குக் கள்ளு விடுவது நம் பெண்களின் வழக்கம். ஆனால் அரிசி மாவில் இழுபடும் பசைத்தன்மை கிடையாது. கள்ளு எழுப்பும் வாயு அதில் ஓட்டைகளாக வெளியேறிவிடும். அப்பத்தின் கண்கள் அப்படி வந்தவை. கோதுமை மா அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊதிப் பெருக்கும். அப்பத்துக்கும் பாணுக்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவுதான். பைபிளைத் தமிழாக்கியவர்கள் பாண் என்றோ ரொட்டி என்றோ எழுதாமல் அப்பம் என்று எழுதியதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

கோதுமை யாழ்ப்பாண மண்ணில் விளைவதில்லை. இலங்கையிலேயே அதைச் சொல்லத்தக்க அளவில் எவரும் பயிரிடுவதில்லை. ஆகவே பாண் வெகுகாலம் கோட்டைக்கும், மிஷன் வீடுகளுக்கும், பட்டணத்துக்கும் உரிய பண்டமாகவே இருந்தது. கிராமத்தில் அது நோயாளியின் உணவு. காய்ச்சல்காரருக்குப் பாணும் தேநீரும் என்பது என் சிறுவயதுவரை நீடித்த வழக்கம். பாண் தின்பதற்காகவே காய்ச்சலை விரும்பிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

அதை ஊர்ச் சோறாக்கியது இரண்டாம் உலகப் போர். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அதன் இடத்தைப் பங்கீட்டுக் கோதுமை மா நிரப்பியது. சோற்றுக்குப் பழகிய சனங்கள் முகம் சுளித்துக்கொண்டே அதைப் புட்டாக அவித்தார்கள், இடியப்பமாகப் பிழிந்தார்கள், ரொட்டியாகத் தட்டினார்கள். போர் முடிந்தது, மா போகவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க உதவியாகவும் வந்து இறங்கியது. 'அமெரிக்கன் மா' என்ற பெயர் இன்னும் நம் வீடுகளில் வழங்குகிறது, மா எங்கிருந்து வந்தாலும்.

என் அப்பாச்சி பாணைத் தொடமாட்டார். அது கள்ளுப் பட்ட பண்டம் என்பது அவருடைய காரணம். விரத நாட்களில் அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. வெளித் திண்ணையில் வைத்துத் தின்றுவிட்டுக் கைகழுவி வரவேண்டும். அவர் சுடும் அப்பத்துக்குப் பழஞ்சோற்றை அரைத்துப் புளிக்க வைப்பார். கள்ளின்மீது இருந்த வெறுப்பு கள்ளின்மீது மட்டும் இருந்திருந்தால் அதை ஆசாரம் என்று விட்டுவிடலாம். அதை இறக்கிய மனிதரின்மீதும் அது இருந்தது. எங்கள் காணியில் நின்ற பனைகளில் ஏறியவர் வளவுப் படலையைத் தாண்டி வருவதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கைகளைக் குவித்து ஏந்துவார், மேலிருந்து ஊற்றப்படும். தேநீர்க் கடைகளில் அவருக்குச் சிரட்டையோ போத்தலோ. அதே கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் இறக்கிய கள்ளில் எழும்பிய பாண் அடுக்கப்பட்டிருக்கும். அதை உள்ளேயிருந்து தின்ன அவருக்கு உரிமை கிடையாது.

சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்ததும் கதவு திறக்கவில்லை. 1966இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் நடந்த போராட்டமும், தேநீர்க் கடைகளுக்குள் உட்காரச் சென்ற இளைஞர்கள் வாங்கிய அடிகளும் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வருவதற்குச் சற்று முந்தியவை. நான் வந்தபோது அலுவலகத்தில் மூத்தவர்கள் அவற்றை மெல்லிய குரலிற் பேசிக்கொள்வார்கள்.

நான் எழுதிய முதற் செய்திகளில் ஒன்று பாண் வரிசையைப் பற்றியது. 1973, 1974ஆம் ஆண்டுகள். உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேறிய காலம். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இறக்குமதியை இறுக்கியிருந்தது. விடிவதற்கு முன்பே பேக்கரி வாசலில் பையோடு நிற்க வேண்டும். தெற்கில் அந்த வரிசைகள் 1977 தேர்தலில் அரசைக் கவிழ்த்த காரணங்களுள் ஒன்றாகப் பேசப்படும். யாழ்ப்பாணத்தின் நினைவு சற்று மாறுபட்டது. இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் விலைபோயின. தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். அவர்களும் பாணுக்கு வரிசையில்தான் நின்றார்கள்.

1980இல் திருகோணமலைச் சீனக்குடாவில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. மா தாராளமாயிற்று. பொதிசெய்யப்பட்ட ஈஸ்ட்டும் எங்கும் கிடைத்தது. கள்ளைத் தேடவேண்டிய தேவை பேக்கரிகளுக்கு இல்லாது போயிற்று. பத்தாண்டுகளில் அந்தக் கைவேலை மறந்தே போய்விட்டது எனலாம். அச்சுப் பாண், றோஸ் பாண், சங்கிலிப் பாண், பணிஸ் என்று பெட்டி நிறைந்த சைக்கிள்கள் காலையில் ஒழுங்கைகளுக்குள் வந்தன. அப்பாச்சி அப்போது இல்லை. அம்மா பாணுக்குச் செத்தல் மிளகாய்ச் சம்பல் இடித்தார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. பொருளாதாரத் தடை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதன் பொருள் என்னவென்றால் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் போத்தற் கணக்கில், மின்கலம் இல்லை, உரம் இல்லை, சவர்க்காரம் அரிது. விளக்கு என்பது ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரித்த ஒரு துளிச் சுடர். நான் பணியாற்றிய நாளேட்டுக்கு அச்சுத்தாள் வராததால் அப்பியாசக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் அச்சிட்டோம். உணவுக் கப்பல் செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடியோடு திருகோணமலையிலிருந்து பருத்தித்துறைக்கு வரும். வந்த மாவைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் குடும்ப அட்டைக்குப் பிரித்துக் கொடுக்கும். கப்பல் பிந்தினால் அந்தக் கிழமை இல்லை.

இந்தக் காலத்தில்தான் பேக்கரிகளின் பெயர்ப்பலகைகள் மாறின. விடுதலைப் புலிகளின் நிருவாகத்தில் கடைப் பெயர்கள் தமிழாக்கப்பட்டபோது பேக்கரி வெதுப்பகம் ஆயிற்று. பாண் வெதுப்பி ஆயிற்று. வெதுப்பகம் நிலைத்துவிட்டது, இன்றும் பலகைகளில் காண்கிறோம். வெதுப்பி நிலைக்கவில்லை. பலகையில் வெதுப்பி என்று வாசித்துவிட்டு வாயால் பாண் என்று கேட்டு வாங்கினோம். சொற்களைச் சாப்பாட்டோடு விழுங்கிவிட்ட பிறகு மாற்றுவது கடினம் போலும்.

மா கொஞ்சமாவது வந்தது. ஈஸ்ட் வருவது நின்றுவிட்டது. கொம்படி, ஊரியான் வெளியாகவும் பின்பு கிளாலிக் கடலேரி வழியாகவும் உயிரைப் பணயம் வைத்துப் போய்வந்தவர்களின் பொதியில் எப்போதாவது ஒரு பேணி வரும். அது போதாது. வெதுப்பகங்கள் மறந்துபோன கள்ளைத் தேடின. நான் செய்திக்காக ஒரு வெதுப்பகத்துக்கு இரவில் போனேன். மாவைப் பிசையும் யந்திரம் மூலையிற் சாக்குப் போர்த்திக் கிடந்தது. மரத்தொட்டியில் நான்கு பேர் முழங்கைவரை மாவோடு பிசைந்துகொண்டிருந்தனர். போறணைக்குள் விறகை எரித்துச் செங்கல் வெண்மையாகும்வரை சூடேற்றி, தணலை வாரி வெளியே எடுத்து, ஈரச் சாக்குக் கட்டிய தடியால் தரையைத் துடைத்து, அதன்பின் நீண்ட துடுப்பினால் பாணை உள்ளே தள்ளுவார்கள். வெளிச்சம் வானத்துக்குத் தெரியாதிருக்கப் போறணை வாசலுக்கு முன்னே தட்டி கட்டியிருந்தார்கள். சீமெந்துத் தரையில் வரிசையாகக் கள்ளு முட்டிகள்.

அந்தச் செய்தி மறுநாள் வந்தது. 'உள்ளூர் மூலப்பொருளைக் கொண்டு தன்னிறைவு' என்ற பாணியில் எழுதியிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள். அதன் ஒரு பிரதி என்னிடம் இன்னும் உண்டு. கோடிட்ட தாள் பழுத்துவிட்டது. அண்மையில் எடுத்து வாசித்தேன். உரிமையாளர் பேசுகிறார், பிசைபவர் பேசுகிறார், வரிசையில் நின்ற ஆசிரியை பேசுகிறார். எறிகணை விழும் விடியற்காலையில் மரத்தின் உச்சியில், எங்கும் ஒளிய இடமின்றி, தளநாரில் காலைக் கோத்துக்கொண்டு நின்றவரைப் பற்றி ஒரு வரியேனும் இல்லை. அவரிடம் நான் பேசவே இல்லை.

வெதுப்பகத்து வரிசையில் நிற்க முடியாமல் அம்மா வீட்டிலேயே பாண் சுடத் தொடங்கினார். கூட்டுறவுச் சங்கத்து மாவை அரிதட்டில் இருதரம் அரிப்பார். வண்டுகள் மேலே நிற்கும். ஒரு றாத்தல் மாவுக்கு அரைப் பேணி கள்ளு. சீனி விலை எட்டாததால் பனங்கட்டி ஒரு துண்டு கரைத்து விடுவார். உப்பு. அடித்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி, வெக்கையான அடுப்படி மூலையில் வைப்பார். கள்ளு அன்று விடியற்காலை இறக்கியதாக இருக்கவேண்டும். மத்தியானத்துக் கள்ளு மாவைப் புளிப்பாக்கும். மறுநாட் கள்ளு வினாகிரி. முட்டியில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பயனில்லை. சுண்ணாம்பு நொதிப்பை நிறுத்திவிடும். அது கருப்பநீர், காய்ச்சிப் பனங்கட்டியாக்குவதற்கு. ஒரே மரம், ஒரே பாளை. விரல் நுனியளவு சுண்ணாம்பைப் பொறுத்து அது இனிப்பாவதும் வெறியாவதும். பனை பாளைவிடாத மாதங்களில் தென்னங்கள்ளு.

போறணை இல்லாத வீட்டில் போறணை செய்வது எப்படி? கேக் சுடுவதற்கு நம் பெண்கள் கையாண்ட முறைதான். பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் மாவை இட்ட பால்மாப் பேணியை நிறுத்தி, தகரத்தால் மூடி, கீழே விறகும் மேலே சிரட்டைத் தணலும். பாண் உருளையாக வரும். வெட்டினால் வட்ட வட்டத் துண்டுகள். ஈர்க்குக் குத்திப் பார்ப்பதைவிட, கவிழ்த்து அடியில் தட்டிப் பார்ப்பதே நம்பிக்கையான சோதனை. வெற்றுக் குடத்தின் ஒலி வந்தால் வெந்துவிட்டது. அம்மாவின் பாண் பெரும்பாலும் அடியில் ஈரமாகவே இருந்தது. மேலே எழும்பும், அடிப்பக்கம் களிபோல அடர்ந்து கிடக்கும். புளிப்பு வாசனை வீட்டை நிறைக்கும். என் பிள்ளைகள் அதை வெட்கமின்றிச் சண்டையிட்டுத் தின்றார்கள்.

கள்ளைக் கொண்டு வந்தவர் எங்கள் காணி மரங்களில் ஏறியவரின் மகன். அவருக்கும் அப்போது ஐம்பது வயதைக் கடந்திருக்கும். படலையடியில் நின்று "அம்மா" என்று குரல் கொடுப்பார். அம்மா பேணியை மதிலில் வைப்பார். அவர் தன் சுரைக்குடுவையிலிருந்து பேணிக்குள் விடுவார், பேணியைத் தொடாமல். காலம் மாறிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தடை எல்லாரையும் சமமாக்கிவிட்டது என்று நானே ஆசிரிய தலையங்கம் எழுதியிருக்கிறேன். ஐந்து ஆண்டுகளில் ஒருநாளாவது அந்தப் பாணில் ஒரு துண்டு அவருக்குக் கொடுத்தோமா என்று எண்ணிப் பார்க்கிறேன். காசு கொடுத்தோம். ஒருநாளும் பிந்தவில்லை, அதைச் சொல்லவேண்டும்.

1994இல் மூன்று ரூபா ஐம்பது சதத்துக்குப் பாண் என்ற வாக்குறுதியோடு தெற்கில் ஆட்சி மாறியது. சந்திரிகா குமாரதுங்க பேச்சுவார்த்தை தொடங்கினார். எங்கள் பக்கமும் சில பொருள்கள் வந்தன, ஈஸ்ட்டும் வந்தது. 1995 ஏப்ரலில் எல்லாம் முறிந்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் ஓர் அடி வைக்கப் பத்து நிமிடம் நின்றார்கள். நாங்கள் மறுநாள் மாலை தென்மராட்சிக்குள் ஒரு பாடசாலையை அடைந்தோம். ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பங்கள். விறாந்தையின் ஓர் அந்தத்தில் அவருடைய குடும்பமும் இருந்தது.

ஒரு கிழமை கழித்து நிவாரண மா கிடைத்தது. எட்டுக் குடும்பத்துக்கும் மூன்று கல்லடுப்பு. அடுப்புக்கு முறை போட்டுக்கொண்டார்கள். அவர் அந்த ஊரில் யாருடைய தென்னையிலோ ஏற ஒழுங்குசெய்து கள்ளோடு வந்தார். அம்மா வழமைபோல மேலே தெளிந்ததை வார்த்து மாவில் விடப்போனார். அவருடைய மனைவி தடுத்தார்.

"அதில்லையம்மா. அடி மண்டியைத்தான் விடோணும். மேலத் தண்ணி விட்டால் எழும்பும், நிக்காது."

அம்மா பேணியைக் கீழே வைத்தார். "இத்தனை வருசமும் சொல்லேல்லையே" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லையே அம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. மாவை அந்தப் பெண்மணியே பிசைந்தார். நொதி அடியில்தான் படியும் என்பதை நான் பின்னாளில் புத்தகத்தில் வாசித்தேன். அது வடிகட்டி எறியப்படும் வண்டலில் இருக்கிறது. அவர்கள் தங்கள் வீட்டில் அமெரிக்கன் மா வந்த நாள் முதலாகவே அப்படித்தான் பாண் சுட்டு வந்திருக்கிறார்கள். என் செய்திக்கு வேண்டிய ஆள் எங்கள் படலையடியில் ஐந்து ஆண்டுகளாகத் தினமும் நின்றிருக்கிறார்.

பாண் உயர்ந்து, அடிவரை பஞ்சுபோல வெந்திருந்தது. அம்மா அதை வெட்டி, முதல் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். கையில். அவர் சற்றுத் தயங்கி வாங்கினார். மென்றுவிட்டு, "உப்புக் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

1996இல் நாங்கள் வீடு திரும்பினோம். அவர்கள் வன்னிக்குப் போனார்கள். அதற்குமேல் அவர்களைப்பற்றி எனக்குத் தெரிந்தது இல்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது கிளிநொச்சியில் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தேன்; 2009க்குப் பின்னர் விசாரிப்பதற்கு மனம் வரவில்லை. பெயரைச் சொல்லி எழுதலாம்தான். அவரிடம் அனுமதி கேட்காமல் எழுதுவது சரியாகப் படவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்தில் எந்த வெதுப்பகமும் கள்ளு விட்டுப் பாண் சுடுவதாக நான் அறியேன். முச்சக்கரவண்டியில் பீத்தோவனின் இசையோடு பாண் வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு விழுந்தபோது எரிவாயு கிடைக்காமல், மா விலை ஏறி, எரிவாயுவில் சுட்ட இடங்கள் மீண்டும் விறகுக்குத் திரும்பியதைக் கொழும்பு நண்பர்கள் பெரிய செய்தியாகச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து விறகுப் போறணைகள் வழமைபோல எரிந்தன.

பேத்தி சும்மா விடுபவள் அல்லள். யாழ்ப்பாணத்துப் பனங்கள் இப்போது போத்தலில் அடைத்து வெளிநாடுகளுக்குப் போகிறது. அவள் எங்கோ தேடி ஒரு போத்தல் வாங்கி, நான் சொன்னபடி மேலே தெளிந்ததை வார்த்துவிட்டு அடியில் இருந்ததை மாவில் விட்டுப் பிசைந்தாளாம். ஐந்து மணித்தியாலம் இருந்தாளாம். பிறகு விடியுமட்டும் இருந்தாளாம். மா வைத்தது வைத்தபடி கிடந்தது.

"அம்மப்பா, நீங்கள் சொன்னது பிழை" என்றாள்.

பிழையில்லை. போத்தல் கள்ளு வெடித்துவிடாமலிருக்க அதைச் சூடாக்கி அடைக்கிறார்கள். அந்தச் சூட்டில் நொதி இறந்துவிடும். மண்டி இருக்கும், உயிர் இருக்காது. இதை அவளுக்கு விளக்கினேன். அடுத்தமுறை வரும்போது மரத்தடியிலேயே வாங்கித் தருவதாகச் சொன்னேன். எந்த மரத்தடியில், யாரிடம் என்று அவள் கேட்டாள். எங்கள் காணியில் இப்போது ஏறுவதற்கு ஆள் இல்லை; ஒரு நாள் கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.